காலையா சாயங்காலமா

அடையாள அட்டை அலுவலகத்தில் படம் எடுக்கிற வேலை என்றால், வெளியே இருப்பவர்கள் அதையும் ஒரு கலை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும். உள்ளே நடப்பது இவ்வளவுதான்: நாளொன்றுக்கு நூற்றுப்பத்து முகம். முகம் நட்ட நடுவில் இருக்க வேண்டும். இரண்டு காதும் தெரிய வேண்டும். பின்னால் வெள்ளைப் படுதாவைத் தவிர ஒரு ஈ, எறும்பு இருக்கக் கூடாது. சிரிக்கவே கூடாது. சிரித்தால், இது வேறு ஆள் என்று இயந்திரம் முடிவு கட்டிவிடும். அங்கே வருகிறவர்களின் சிரிக்காத முகத்தைப் பார்த்தால் இயந்திரத்தின் கருத்தில் நியாயம் இருப்பதாகவே படும்.

இந்த வேலையில் எட்டு வருடம் தள்ளியவனுக்கு ஊரில் ‘நேராப்பார்’ என்று பெயர். ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து முறை "நேரா பாருங்க" என்று சொன்னால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? பெற்றவர்கள் ஆசைப்பட்டு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. மற்ற இடங்களில் அதற்கு வேலை இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சொந்தமாக ஒரு கேமரா வாங்கினான். முகம் பார்த்து அலுத்துப்போனவன் முகம் இல்லாத ஒன்றைத் தேடி, கடைசியில் சூரியனிடம் போய்ச் சேர்ந்தான். ஊருக்கு வெளியே ஏரி. கரையில் நின்று அவன் எடுத்த முதல் சூரிய அஸ்தமனத்தில் சூரியன் நட்ட நடுவில் இருந்தது. பின்னணி சுத்தம். நிழல் இல்லை. சூரியனுக்குக் காது இருந்திருந்தால் இரண்டும் தெரிந்திருக்கும்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அவன் புகைப்படக் குழுவில் சேர்ந்தான். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். குழுவின் தலைவர் அந்த மருத்துவமனையின் பல் டாக்டர்தான். நேராப்பாரைவிட இரண்டு வயது சின்னவர். ஆனால் மார்பை முன்னால் அனுப்பிவிட்டு அப்புறம் தான் வருகிற நடை. எல்லாருடைய படத்தையும் பல் எக்ஸ்ரே பார்க்கிற வெளிச்சப் பலகையில் வைத்துத்தான் பார்ப்பார். அடிவானம் லேசாகச் சாய்ந்திருந்தால், "கோணலா இருக்கே, கிளிப் போடணும்" என்பார். படத்தின் ஓரத்தில் வேண்டாத மரக்கிளை நீட்டிக்கொண்டிருந்தால், "இதப் பிடுங்கிடலாம்" என்பார். வலிக்காது என்றும் சேர்த்துக்கொள்வார்.

நேராப்பாரின் சூரியனைப் பலகையில் வைத்து டாக்டர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இவரு எந்த நாட்டுக்குப் போறாரு, பாஸ்போர்ட் எடுக்க வந்திருக்காரு?"

குழு சிரித்தது. நேராப்பாரும் சிரித்தான். சிரிக்கக் கூடாது என்கிற சட்டம் ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். அவன் போகவில்லை. கற்றுக்கொண்டான். படத்தை மூன்றாகப் பிரித்து, சூரியனை ஒரு பங்கில் ஒதுக்கி உட்கார வைக்கக் கற்றான். வானத்துக்கு அளவு பார்த்து வெளிச்சம் வைத்தால் தரை கறுத்துப்போகும், அதற்காக அழக்கூடாது என்று கற்றான். சூரியன் மறைந்த உடனே கேமராவை மூட்டை கட்டுகிறவன் முட்டாள், அதற்குப் பிறகு வரும் ஏழெட்டு நிமிடத்தில்தான் வானம் மனசு விட்டுப் பேசும் என்று கற்றான். தண்ணீரில் பிம்பம் வேண்டுமென்றால் நின்றுகொண்டு எடுக்கக் கூடாது, மூக்கு நனைகிற அளவு குனிய வேண்டும் என்பதைச் சட்டையெல்லாம் நனைந்து கற்றான். ஒன்றை மட்டும் விடவில்லை. படத்துக்குள் யாராவது நடந்து வந்தால், "சார், கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்பது. படுதாவுக்கு முன்னால் எட்டு வருடம் நின்ற வாய், அதுவாகவே சொல்லிவிடும்.

இப்படியாக அவனிடம் நூறு அஸ்தமனங்கள் சேர்ந்தன. யாரும் ஒன்றைக்கூட இரண்டாவது முறை பார்க்கக் கேட்டதில்லை. அதுதான் அவனுக்கு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அவன் வேலையிலே எடுத்த படங்கள் லட்சக்கணக்கான பேரின் சட்டைப் பையில் இருக்கின்றன. ஒருவரும் ஆசையாக எடுத்துப் பார்ப்பதில்லை. சொந்தமாக எடுத்ததற்கும் அதே கதி என்றால் எப்படி?

அப்படியிருக்கும்போதுதான் அக்கா வாயை விட்டாள்.

அக்காவுக்குப் பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. கட்டடத்துக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை. காலையில் வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி வந்து சேரும். மதியம் இரண்டு மணிக்குத்தான் பாய்லர் போடுவார்கள். இரவு பத்து மணிக்கு அணைப்பார்கள். அந்த எட்டு மணி நேரத்துக்கு எட்டுப் பெண்கள். அதாவது, அந்த எட்டுப் பேருக்கும் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. மதியம் உள்ளே போனால், வெளியே வரும்போது ராத்திரி. அக்காவுக்கு இது பதினோராவது வருடம். வாரத்தில் ஒரு நாள் லீவு இருக்கிறதே, அன்றைக்கு மாடிக்குப் போய்ப் பார்க்கக் கூடாதா என்று நேராப்பார் ஒருமுறை கேட்டான். அவர்கள் வீட்டு மாடியிலிருந்து மேற்கே பார்த்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும், வேறெதுவும் தெரியாது என்பது ஒரு பதில். அக்கா அதைச் சொல்லவில்லை. "லீவு அன்னைக்கு வீட்டுத் துணிய யாரு துவைக்கிறது, உன் சூரியனா?" என்று மட்டும் கேட்டாள்.

சலவை அறையில், விரிப்புகளைத் தேய்க்கிற உருளை இயந்திரத்துக்கு எதிரே ஒரு பெரிய சட்டம் மாட்டியிருந்தது. சோப்புத்தூள் விற்கிறவர்கள் கொடுத்த பனிமலைப் படம். ஆவியில் ஊறி ஊறி, பனிமலை உருகிச் சட்டத்துக்கு வெளியே வழிந்துவிட்டது. சுவருக்கு வெள்ளை அடித்தபோது சூப்பர்வைசர் படத்தை உருவி எறிந்துவிட்டு, காலிச் சட்டத்தில் மாட்ட மேலிடத்திலிருந்து வந்த பன்னிரண்டு அம்ச அறிவிப்பை எடுத்துவந்தார். முதல் அம்சம், பணியாளர்கள் அனைவரும் அறிவிப்பைப் படிக்க வேண்டும் என்பது. மற்ற பதினொன்றும் இதைவிடச் சுவாரசியம் குறைவு.

எட்டுப் பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். வேறென்ன மாட்டுவது என்று சூப்பர்வைசர் கேட்டார். உருளையில் விரிப்பு தேய்க்கிற, எல்லாராலும் இஸ்திரியக்கா என்று அழைக்கப்படுகிறவள், சாயங்காலம் மாட்டுங்க என்றாள். "நாங்க பாத்தே வருஷக்கணக்காச்சு. அது இன்னும் இருக்கான்னாவது தெரியட்டும்."

அங்கேதான் அக்கா சொன்னாள்: "என் தம்பி எடுத்துத் தருவான். அவன் இதுலயே ஊறினவன்."

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் படம் வந்தால் படம், வராவிட்டால் அறிவிப்பு. சூப்பர்வைசர் கெடு வைத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலை டீயோடு அக்கா இந்தச் செய்தியையும் தம்பிக்குக் கொடுத்தாள். ஏழு பேர் முன்னால் தலை குனிய வைத்துவிடாதே என்பதை அவள் வாயால் சொல்லவில்லை. தம்ளரைக் கீழே வைத்த விதத்தில் சொன்னாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் நேராப்பார் ஏரிக்கு ஓடினான். அன்று காற்றே இல்லை. தண்ணீர் இஸ்திரி போட்ட மாதிரி கிடந்தது. சூரியனை வலப் பக்கத்துப் பங்கில் ஒதுக்கினான், அடிவானத்தை மேல் பங்கில் நிறுத்தினான். ஒரு வாத்து வந்தது. கையைத் தட்டி விரட்டினான். அழுத்தப் போகிற நேரம் பார்த்து, தண்ணீர் ஓரமாக ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படத்துக்குள்ளே வந்துவிட்டார். விரல் முந்திக்கொண்டது. கேமராத் திரையில் பார்த்தான். ஆள் கன்னங்கரேலென்று நிழலாக இருந்தார். சைக்கிளும் நிழல், தண்ணீரில் தலைகீழாக இன்னொரு ஆள், இன்னொரு சைக்கிள். முகம் தெரியவில்லை. காது ஒன்றுதான் தெரிந்தது. யோசிப்பதற்கு முன்னாலேயே கட்டை விரல் போய் அதை அழித்துவிட்டது. அலுவலகத்தில் ஒரு நாளைக்கு முப்பது முகத்தை நிராகரித்துப் பழகிய விரல்.

பிறகு ஆள் அரவமில்லாமல் இரண்டு படம் எடுத்தான். இரண்டும் அப்பழுக்கில்லாதவை. அன்றைக்கே பிரிண்ட் போட்டு அக்காவிடம் கொடுத்தான்.

புதன்கிழமை காலை டீ குடிக்கும்போது தீர்ப்பு வந்தது.

"நல்லாதான் இருக்குன்னாங்க" என்றாள் அக்கா.

அந்த ‘தான்’ எதற்கு வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"இஸ்திரியக்கா கேட்டா, இது காலையா சாயங்காலமான்னு."

"சாயங்காலம். ஆறு மணி எட்டு நிமிஷம்."

"அது படத்துல எங்க எழுதியிருக்கு? காலையிலயும் சூரியன் இப்படித்தான் செவப்பா இருக்கும். பாய்லரம்மா காலைன்னா. மடிக்கிற பொண்ணு சாயங்காலம்னா. அரை மணி நேரம் சண்டை. கடைசியில நாலுக்கு நாலு."

நேராப்பார் சூரியன் நிற்கிற திசை, நிறத்தின் சூடு என்று என்னென்னவோ விளக்கினான். அக்கா டீயை ஆற்றி முடிக்கும்வரை கேட்டாள்.

"காலைய நாங்க தினம் பாக்குறோம்டா. அத எதுக்கு மாட்டணும்? சாயங்காலம்னா எதாவது முடியணும், யாராவது வீட்டுக்குப் போகணும். இதுல ஒரு ஈ காக்கா இல்ல. உங்க ஆபீஸ் படுதாவுக்கு வர்ணம் பூசின மாதிரி இருக்கு."

அவனுக்கு அந்த சைக்கிள்காரர் ஞாபகம் வந்தார். தம்ளரைக் கீழே வைத்தான். விஷயத்தை அக்காவிடம் சொன்னான்.

"ஏன் அழிச்ச?"

"முகம் தெரியலக்கா."

"முகம் தெரியாதவங்க எல்லாம் வீட்டுக்குப் போகக் கூடாதா?"

அழித்த படத்தை மீட்க வழி இருக்கிறதே என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லலாம். வழி இருந்தது. ஆனால் அலுவலகப் பழக்கப்படி அவன் அன்றைக்கே கார்டை முழுசாகத் துடைத்து, அதன்மேல் புதிதாக எதையெதையோ எடுத்துத் தள்ளியிருந்தான். நல்ல பழக்கங்களாலேயே கெட்டுப்போனவர்களின் பட்டியலில் அவனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது. அன்றைக்குச் சூரியன் வந்ததா போனதா என்று யாருக்கும் தெரியாது. மீதி இருந்தது வியாழக்கிழமை ஒன்றுதான்.

வியாழன் மாலை ஐந்தே காலுக்குக் கிளம்பினால் ஏரிக்குப் போய்விடலாம் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். ஐந்து மணிக்குக் கடைசி ஆள் உள்ளே வந்தார். நாற்பது வயசு, எண்ணெய் படிந்த சட்டை, சிரித்த முகம். நேரா பாருங்க, சிரிக்காதீங்க என்றான். அவர் சரி சார் என்று சிரித்தார். இயந்திரம் நிராகரித்தது. மறுபடியும் எடுத்தான். மறுபடியும் சிரிப்பு. உதட்டை இறுக்கச் சொன்னால் கண் சிரித்தது. கண்ணை அடக்கினால் கன்னம் சிரித்தது. ஒன்பதாவது தடவை, என்னதான் சார் விஷயம் என்று கேட்டான்.

"காலையில பொண்ணு பொறந்திருக்கா சார். மொத மொதல்ல."

எதாவது சோகமாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினான். மனுஷர் உண்மையாகவே முயன்றார், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பக்கத்து மேசைக்காரர் இரக்கப்பட்டு, சர்வர் படுத்துடுச்சாம், நீங்க நாளைக்கு வந்து மொதல்லேருந்து வரிசையில நில்லுங்க என்றார். அந்த ஒரு நொடி முகம் விழுந்தது. அழுத்திவிட்டான். ஏற்பு. மணி ஐந்து ஐம்பது.

பஸ்ஸில் ஏறியபோதே தெரிந்துவிட்டது, ஏரி நடக்காது என்று. ஜன்னல் வழியாகச் சூரியன் கட்டடங்களுக்கு நடுவே ஒவ்வொரு மாடியாக இறங்கிக்கொண்டிருந்தது, லிஃப்ட் மாதிரி. பெரிய மருத்துவமனைக்கு முன்னால் பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டு மூச்சை விட்டது. நேராப்பார் குதித்து இறங்கினான். மேற்கே வானம் திறந்திருக்கிற இடம் அந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான்: மருத்துவமனையின் பின்பக்கம் வண்டி நிறுத்துகிற இடம். அதற்கு அப்பால் பள்ளிக்கூட மைதானம், குறுக்கே கட்டடம் இல்லை.

போய்ப் பார்த்தால், நேற்றைய மழை அங்கே ஒரு குட்டையைப் போட்டு வைத்திருந்தது. மூன்று கட்டில் நீளம் இருக்கும். கலங்கல் கீழே படிந்து, மேலே தெளிவாக, ஒரு சலனமும் இல்லாமல். குட்டையின் இடது ஓரத்தில் சுவர். சுவரின் அடியில் ஒரு கம்பி வலை, அதிலிருந்து சோப்பு வாசனையோடு வெள்ளையாக ஆவி புகைந்து வந்துகொண்டிருந்தது. அடியில் அக்கா இருக்கிறாள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அலுவலகச் சட்டையோடு குப்புறப் படுத்தான். கேமராவின் வயிறு தண்ணீரைத் தொடும்படி வைத்தான். காவலாளி வந்து தலைக்குமேல் நின்றார்.

"என்ன தொலைச்சீங்க?"

"ஒண்ணும் இல்லண்ணே. போட்டோ எடுக்கறேன்."

"சேத்தையா?"

அவர் குட்டையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கும் என்று நினைத்தவர் மாதிரி நகர்ந்துவிட்டார்.

சூரியன் மைதானத்துக்குப் பின்னால் விழுந்தது. நேராப்பார் அசையவில்லை. ஒரு நிமிடம் எல்லாம் சாம்பல். இரண்டாவது நிமிடம் மேகத்தின் அடிவயிறு பற்றிக்கொண்டது. மூன்றாவது நிமிடம் குட்டைக்குள்ளும் பற்றிக்கொண்டது. வானம் எவ்வளவு சிவப்போ, தண்ணீர் அதைவிட ஒரு மாற்று அழுத்தமான சிவப்பு. அடிவானத்தை மேலே தள்ளிப் பார்த்தான். பிம்பம் உண்டு, வானம் இல்லை. கீழே தள்ளினான், வானம் உண்டு, பிம்பத்துக்குத் தலை இல்லை. வேறு வழியில்லாமல் கோட்டை நட்ட நடுவில் வைத்தான். மேலே பாதி, கீழே பாதி. எட்டு வருடமாகக் கை எதைச் செய்துகொண்டிருந்ததோ, அதை முதல் முறையாக ஒரு காரணத்தோடு செய்தது.

இடது ஓரத்தில் ஆவி உறுத்தியது. பின்னணி சுத்தமாக இருக்க வேண்டும். கேமராவை வலப் பக்கம் திருப்பப் போனவன், கையை நிறுத்திக்கொண்டான். கிடக்கட்டும். அதுவும் அங்கேதானே இருக்கிறது.

ஆள்தான் இல்லை. குட்டையைப் பார்த்ததும் ஜனங்கள் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். சேற்றில் கால் வைக்க யாருக்கும் மனமில்லை. ஐந்தாவது நிமிடம். ஆறாவது நிமிடம். சிவப்பு ஓரத்தில் கறுக்க ஆரம்பித்தது.

அப்போது குட்டைக்கு அந்தக் கரையில் ஒருத்தர் வந்தார். கையில் கனமான பை. பிடி அறுந்துபோய், அடியில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். தோள் இரண்டும் இறங்கியிருந்தன. நிழலாகத்தான் தெரிந்தார், மூக்கு இல்லை, கண் இல்லை. நேராப்பாரின் வாய் திறந்துகொண்டது. ‘சார், கொஞ்சம்’ வரை தொண்டைக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். உண்மையிலேயே கடித்தான், இரண்டு நாளைக்குக் காரம் சாப்பிட முடியவில்லை.

அந்த ஆள் சரியாகக் குட்டையின் நடுவுக்கு வந்ததும் நின்றார். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். யாரும் பார்க்கவில்லை என்கிற தைரியத்தில் தலையை நிமிர்த்தி, ஒரு மூச்சு நேரம் வானத்தைப் பார்த்தார். தண்ணீருக்குள் இருந்த ஆளும் தலைகீழாக நின்று பார்த்தார்.

நேராப்பார் அழுத்தினான். ஒரே ஒரு படம்.

அவர் நகர்ந்த பிறகுதான் அந்தப் பையை எங்கே பார்த்தோம் என்று பொறி தட்டியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் காத்திருப்பு அறையின் மூலையில், பிடி அறுந்து கிடக்கிற பல் டாக்டரின் பை. நோயாளிகளின் பல்வரிசைக்கு எடுத்த சுண்ணாம்பு அச்சுகள் அதில்தான் இருக்கும். இந்தப் பெரிய மருத்துவமனையிலும் அவருக்கு வாரத்தில் சில நாள் வேலை. மார்பை முன்னால் அனுப்புகிற அந்த நடையைக் காணோம். ஒரு நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்த முதுகு மட்டும் இருந்தது. முகம் இல்லாமலே ஒரு ஆளை அடையாளம் தெரிந்துகொண்டது, அடையாள அட்டைக்காரன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கட்டை விரல் பழக்கப்படி அழிக்கிற பொத்தானிடம் போனது. அதைக் கையோடு இழுத்துக்கொண்டு பிரிண்ட் கடைக்கு ஓடினான்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில், செய்தித்தாளில் சுற்றிய படத்தோடு அவனே நேரில் போனான். சலவை அறையில் எட்டுப் பெண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு நின்றார்கள். சூப்பர்வைசர் சட்டத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, அறிவிப்பை அளவு பார்த்துக்கொண்டிருந்தார். மணி ஒன்று ஐம்பது. அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மாற்றாத சட்டையின் சேறு காய்ந்த காலரைப் பார்த்தாள்.

படத்தைப் பிரித்து உருளை இயந்திரத்தின்மேல் வைத்தான். எட்டுத் தலையும் குனிந்தன. நூறு அஸ்தமனம் எடுத்தவனுக்கு அப்படியொரு அமைதி இதற்கு முன் கிடைத்ததில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

இஸ்திரியக்காதான் வாயைத் திறந்தாள். கேள்வி அதேதான்.

"காலையா, சாயங்காலமா?"

அவன் பதில் சொல்லப் போனான். அக்கா கையைக் காட்டி அடக்கினாள். படமே சொல்லட்டும் என்று அர்த்தம்.

துணி மடிக்கிற பெண் முதலில் சொன்னாள், சாயங்காலம்தான், தோளைப் பாருங்க, காலையில யாரு இப்படி நடப்பா என்று. உன் வீட்டுக்காரர் காலையிலயே அப்படித்தான் நடப்பாரு என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பன்னிரண்டு அம்சத்தைக் கையில் எடுத்தார்.

அப்போது பாய்லரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தின் இடது ஓரத்தில் விரலை வைத்தாள். வானத்தின்மேலும் இல்லை, ஆளின்மேலும் இல்லை. அவன் வெட்டிவிட நினைத்த அந்த மூலை. சிவப்பு ஏறிய வெள்ளை ஆவி, தண்ணீரிலும் ஒரு முறை.

"இது என்னது?"

"பின்னாடி வலையிலேருந்து வர்ற ஆவிங்கம்மா. நம்ம கட்டடம்தான். அத எடுத்துடலாம்னுதான்..."

"எடுத்திருந்தா கைய ஒடிச்சிருப்பேன்" என்றாள் பாய்லரம்மா சாவதானமாக. "இது என் பாய்லர் ஆவி. காலையில ஏது ஆவி? ரெண்டு மணிக்கு நான் போட்டாத்தானே வரும்? சூரியன் செவப்பா இருக்கு, ஆவியும் வருது. சாயங்காலம். எழுதி வச்சுக்கோங்க."

எட்டுத் தலையும் மறுபடி குனிந்தன. இந்த முறை மூலையை நோக்கி. பதினோரு வருடமாகச் சாயங்காலத்தில் அந்த அறையை விட்டு வெளியே போனது அது ஒன்றுதான். போய் எங்கே சேர்ந்தது என்று அன்றைக்குத்தான் அவர்கள் பார்த்தார்கள். இஸ்திரியக்கா தலைத்துணியின் நுனியால் படத்தில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

"அப்ப நாமளும் இதுல இருக்கோம்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

சூப்பர்வைசர் அறிவிப்பை மறுபடி சுருட்டினார். அதைக் கழிப்பறைக் கதவில் ஒட்டலாம் என்றும், அங்கே படிக்க நேரம் கிடைக்கும் என்றும் மடிக்கிற பெண் யோசனை சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டார். இரண்டு மணிக்குச் சட்டம் சுவரில் ஏறியது. பாய்லரம்மா உள்ளே போய்ப் பாய்லரைப் போட்டாள். வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாகத் திருகியிருப்பாள் என்று அக்காவுக்குச் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை அதே படம் பல் டாக்டரின் வெளிச்சப் பலகையில் ஏறியது. அவர் மோவாயைத் தடவினார். கோடு நடுவில் இருக்கிறது என்றார். ஆளும் நடுவில் இருக்கிறார் என்றார். பிடுங்குவதற்கு ஏதாவது உண்டா என்று நான்கு மூலையையும் தேடினார். அதன் பிறகு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, ஒரு படத்தைப் பலகையிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார்.

"இது யாரு?"

நேராப்பார் அவரைப் பார்த்தான். முகம் நேராக இருந்தது, இரண்டு காதும் தெரிந்தன, சிரிப்பு இல்லை.

"தெரியல டாக்டர். யாரோ வீட்டுக்குப் போறவரு."

"பாவம், நல்லா களைச்சிருக்காரு" என்றார் டாக்டர். "ஆனா நின்னு பாத்தாரு பாருங்க. எல்லாரும் பாக்க மாட்டாங்க."

மூலையில் பை கிடந்தது. பிடியை யாரோ தைத்திருந்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அக்கா டீயோடு வந்து உட்கார்ந்தாள். சலவை அறையில் பெரிய தகராறு என்றாள். அந்த ஆளுடைய பையில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். மடிக்கிற பெண் காய்கறி என்கிறாளாம். இஸ்திரியக்கா, இல்லை, பிள்ளைக்கு வாங்கின பள்ளிக்கூட ஷூ, அதனால்தான் அடியில் கை கொடுத்துத் தூக்குகிறார் என்கிறாளாம். பாய்லரம்மா மட்டும், அது அவர் துவைக்கப் போடுகிற அழுக்குத் துணி, நம்மிடம்தான் வருகிறார் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். தினமும் ஆறு மணி ஆனால் யாராவது நிமிர்ந்து பார்த்து, ‘கிளம்பிட்டாரு’ என்பார்களாம். அதன் பிறகு வேலை கொஞ்சம் வேகமாக ஓடுகிறதாம்.

"உனக்குத்தான் தெரிஞ்சிருக்குமே. பையில என்னடா?"

எட்டு ஜோடி சுண்ணாம்புப் பல்வரிசை அவன் நாக்கின் நுனிவரை வந்தது. கடித்த இடம் இன்னும் லேசாக வலித்தது.

"நான் கேக்கலக்கா" என்றான்.

"நல்லதாப் போச்சு. கேட்டிருந்தா சொல்லித் தொலைச்சிருப்ப." அக்கா தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். "பாய்லர் பக்கத்துச் சுவரும் காலியாத்தான் இருக்கு. சும்மா சொன்னேன்."

அன்று சாயங்காலம் அலுவலகம் விட்டதும் நேராப்பார் ஏரிக்குப் போனான். காற்று அடித்தது, பிம்பம் துண்டு துண்டாகக் கிடந்தது. பரவாயில்லை என்று குப்புறப் படுத்தான். சூரியன் இறங்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. கரையோரமாக ஒரு வாத்து வந்தது. தட்டப் போன கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அது நடுவுக்கு வருகிறவரை காத்திருந்தான்.